ஆறு கட்டத்தில் நிற்கும் பேட்டரி

என் காரின் பேட்டரி நிறைவதே இல்லை. வாங்கிய இரண்டாவது வாரத்திலேயே இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். டேஷ்போர்டில் பேட்டரி படத்துக்குள் எட்டுக் கட்டங்கள் உண்டு. காலையில் பாப்பாரப்பட்டி வீட்டிலிருந்து கிளம்பி, நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்தும்போது ஆறு கட்டம் எரியும். மாலையில் வீட்டு வாசலில் ஐந்து, சில நாள் ஆறு. ஏழு கட்டத்தைத் தொட்ட நாட்கள் மொத்தம் மூன்று. எட்டைப் பார்த்ததில்லை. இரண்டுக்குக் கீழே இறங்கியும் பார்த்ததில்லை.

இது ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் இருக்கிறது, மின்மோட்டாரும் இருக்கிறது. எப்போது எது ஓட வேண்டும் என்பதைக் காரே முடிவு செய்துகொள்ளும். பிளக்கில் சொருகிச் சார்ஜ் போட வழி கிடையாது. ஓடுகிற ஓட்டத்தில், பிரேக் அழுத்துகிற நேரத்தில், தானே ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஓசூரில் வேலை பார்த்து மாற்றலாகிப் போன ஒருவரிடமிருந்து என் சம்பளத்தில் வாங்கினேன். ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் என் பெயரில் வந்த முதல் வண்டி.

இண்டூரில் இருக்கும் என் கணவரின் அண்ணன் கார் பார்க்க வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் யார் எந்த வண்டி வாங்கினாலும் அவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது வண்டி. நான் அவரைக் கேட்காமல் வாங்கியிருந்தேன். உட்கார்ந்ததும் அவர் கண் மீட்டருக்குப் போனது.

"ஏம்மா, பேட்டரி பாதியில நிக்குது?"

"ஆறு கட்டம் இருக்குதுங்க மாமா. பாதின்னா நாலு."

"ஆறோ நாலோ, ஃபுல்லு இல்லைல்ல? உன் செல்லை ராத்திரி பூரா சார்ஜ் போட்டும் ஃபுல்லு காட்டலன்னா என்னா அர்த்தம்? பேட்டரி அவுட்டுன்னு அர்த்தம். வித்தவன் உன் தலையில கட்டிட்டான்."

என் கணவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். வகுப்பில் யாருக்கும் பயப்படாதவர், அண்ணன் வாய் திறந்தால் மட்டும் மாணவர் ஆகிவிடுவார்.

அன்றைக்கு எனக்கும் சந்தேகம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, காரை வாசலில் நிறுத்தியபடியே ஆன் செய்து, ஏ.சி.யும் போட்டு, குறிப்பேடும் பேனாவுமாக உள்ளே உட்கார்ந்தேன். எட்டுக் கட்டமும் எரியாமல் எழுந்திருப்பதில்லை என்பது திட்டம். முதலில் கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டுக்கு வந்ததும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது கட்டம் எரிந்து கொஞ்ச நேரம் ஆனதும் அதுவே நின்றுவிட்டது. மறுபடி இறக்கம். மறுபடி எஞ்சின். மறுபடி மூன்றில் நிறுத்தம்.

கணவர் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினார். "வூட்டு முன்னாடி வண்டிய ஓடவுட்டு உள்ள என்னா பண்ற?"

"பேட்டரியை நெரப்பறேங்க."

"நெரம்புச்சா?"

"நோட்டுல பக்கம்தான் நெரம்புச்சு."

பதினொரு மணிக்கு அணைத்தேன். ஒரு மணி நேரப் பெட்ரோல் வீண். ஆனால் ஒன்று தெரிந்தது. எஞ்சினுக்கு நிரப்ப முடியாமல் இல்லை. நிரப்ப வேண்டாம் என்று ஏதோ ஒன்று அதை நிறுத்துகிறது.

அது என்ன என்பதைக் காட்டியது எங்கள் சுகாதார நிலையத்துச் செவிலியர். என் மேஜையில் கிடந்த குறிப்பேட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "என்னக்கா, ஊசி மருந்து ஃப்ரிட்ஜுக்கு எழுதற மாதிரியே காருக்கும் காலைல சாயந்திரம் எழுதறீங்க?"

தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்வார்கள். குளிர்பெட்டி என்றால் எவ்வளவு குளிருகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து அதன் குமிழை அதிகக் குளிருக்குத் திருகி வைத்துவிடுவார்கள். உறைந்து போனால் சில மருந்துகள் கெட்டுவிடும், வெளியில் வைத்ததைவிட மோசம். இத்தனை வருடம் அவர்களை நான் திட்டியிருக்கிறேன். என் காரில் நானே போய்த் திருகப் பார்த்திருக்கிறேன்.

காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். விஷயம் எளிது. பேட்டரியை முழுவதும் நிரப்பினாலும் அதன் ஆயுள் குறையும், முழுவதும் காலி செய்தாலும் குறையும். அதனால் கார் அதை நடுவிலேயே வைத்துக்கொள்கிறது. மேலே கொஞ்சம் இடம் விட்டு வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்து ஒரு இறக்கம் வந்தால் அங்கே கிடைக்கும் சார்ஜை எங்கே வைப்பது? செல்போன் நாள் முழுக்கத் தாங்க வேண்டும், அதற்கு நிறைந்திருக்க வேண்டும். இந்தப் பேட்டரியின் வேலை, சார்ஜை வாங்குவதும் கொடுப்பதும். ஆறு கட்டம் என்பது நோய் இல்லை.

இதை மாமாவிடம் சொன்னேன். "புஸ்தகத்துல ஆயிரம் எழுதுவான்," என்றார்.

அவர் பக்கமும் ஆதாரம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில் குடும்பமாக மூன்று முறை போனோம். மூன்று முறையும் மாமாதான் ஓட்டினார். வீட்டுப் பெண்கள் தட்டையான ரோட்டில் ஓட்டலாம், மலை என்று வந்தால் ஆண் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் யாரும் சொல்லாமலே நடக்கும் ஏற்பாடு. சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், மூன்று முறையும். பின் சீட்டில் சாப்பாட்டுத் தூக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டேன். மேலே இறக்கம் தொடங்கும்போது ஐந்து. ஆற்றோரம் நிறுத்தும்போது இரண்டு. மூன்று முறையும் இரண்டு. புத்தகத்தின்படி இறக்கத்தில் ஏற வேண்டும். இங்கே இறங்கியது.

மூன்றாவது முறை மாமா மீட்டரை விரலால் தட்டினார். "என்னமோ எறக்கத்துல ஏறும்னியே? செத்துப் போச்சும்மா இது. என்னைக்காவது நடு ரோட்டுல நின்னா, புதுசு போடறதுக்கு வண்டியவே வித்தாவணும்."

எழுதிய எண்களை நானே மறுக்க முடியாது.

அந்த வாரமே அவர் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டார். கம்பைநல்லூரில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் இருக்கிறார், ஒரு டீசல் காரைக் கொடுத்து இதை எடுத்துக்கொள்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். எனக்கு இது புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின் போது தெரிந்தது.

"என் வண்டிய மாத்தறதுக்கு யாருங்க ஒத்துக்கிட்டது?" என்று கணவரைக் கேட்டேன்.

"அண்ணன் பாத்துக்கறேன்னாரு. நல்லதுக்குத்தான சொல்றாரு?"

"நீங்க என்னா சொன்னீங்க?"

"சரின்னேன்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். நாள், நேரம், கட்டம், ஓட்டியவர் என்று நான்கு பத்தி போட்டிருந்தேன். நான்காவது பத்தி வேலையிடத்துப் பழக்கம். அங்கே எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் எழுதியவர் கையெழுத்து இருக்கும், இங்கே ஓட்டியவர் முதலெழுத்து. அதுவரை அந்தப் பத்தியை நான் படித்ததே இல்லை. எழுதியதோடு சரி. ஒகேனக்கல் இறக்கம் மூன்றுக்கும் நேராக மாமாவின் முதலெழுத்து இருந்தது. மலை இறக்கத்துக்கு நேராக என் எழுத்து ஒன்றுகூட இல்லை.

"ஏனுங்க, எறக்கத்துல உங்கண்ணன் கியரை என்னா பண்ணுவாரு?"

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நியூட்ரல்ல போட்டுடுவாரு. எல்லாரும் அப்படித்தான? பெட்ரோல் மிச்சம்."

எல்லாரும் அப்படித்தான். இந்தப் பக்கம் வண்டி பழகும் யாருக்கும் இறக்கம் வந்தால் நியூட்ரல் என்பதுதான் முதல் பாடம். மொபெட்டில் போகிறவர்கூட எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார். தொப்பூர் கணவாயில் அப்படி டீசல் மிச்சம் பிடித்த கதையை மாமா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். லாரி முதலாளிகள் அவரைத் தேடி வந்ததே அதற்காகத்தானாம்.

புத்தகத்தை மறுபடி திறந்தேன். பக்கத்தைத் தேட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை, கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. சக்கரத்துக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஏ.சி. மட்டும் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். ஐந்து எப்படி இரண்டானது என்பது விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியது வேறு, எழுதியது வேறு. நான்காவது பத்தியில் என் எழுத்து வர வேண்டும்.

சனிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டேன். காலை எட்டேகாலுக்குக் கிளம்பினேன்.

"எங்க?" என்றார் கணவர்.

"ஒகேனக்கலுக்குங்க."

"யாரோட?"

"காரோட."

அவர் செருப்பு மாட்டுவதற்குள் நான் தெருமுனை தாண்டிவிட்டேன்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தி எழுதினேன்: ஒன்பது பத்து, ஐந்து கட்டம். கியரை ஓட்டும் நிலையான டி-யிலேயே வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பயம் இருந்தது. முதல் வளைவில் எதிரே பஸ் வந்தது, ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. இரண்டாவது வளைவில் பிரேக்கை மெல்ல அழுத்தியபோது திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போகும் அம்புக்குறி எரிந்தது. ஆறு. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஏழு. குரங்குகள் உட்கார்ந்திருந்த ஒரு கைப்பிடிச் சுவர் தாண்டி எட்டாவது கட்டம் எரிந்தது. நான் வாய்விட்டு "எட்டு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, எஞ்சின் ஊளையிடத் தொடங்கியது. அப்படி ஒரு சத்தத்தை அந்தக் காரில் நான் கேட்டதில்லை. கால் ஆக்சிலரேட்டரில் இல்லை, எஞ்சின் மட்டும் கத்துகிறது. உடைத்துவிட்டேன், மாமா சொன்னது சரி, திரும்பி வீட்டுக்கு எப்படிப் போவது என்று வரிசையாக நினைத்தேன்.

ஓரம் கட்டியதும் சத்தம் நின்றது. புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பேட்டரி நிறைந்துவிட்டால் இறக்கத்தில் கிடைக்கும் சார்ஜை வைக்க இடமில்லை, அப்போது கார் அதை எஞ்சினைச் சுற்றவைத்துச் செலவழிக்கும், பெட்ரோல் எரியாது, வண்டியின் வேகத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. மிச்ச தூரத்தை அந்த ஊளையோடேயே இறங்கினேன். கீழே நிறுத்தி எழுதினேன்: ஒன்பது நாற்பத்திரண்டு, எட்டு கட்டம். நான்காவது பத்தியில் என் முதலெழுத்து. ஆற்றைப் பார்க்கவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை மாமா வந்தார். கம்பைநல்லூர்க்காரர் ஒரு வெள்ளை டீசல் காரோடு வந்தார். மெலிந்த, குரலே எழும்பாத மனிதர். என் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெயர் மாற்றும் படிவத்தை மாமா மேஜைமேல் விரித்தார். நான் அதன் பக்கத்தில் என் குறிப்பேட்டை வைத்தேன்.

"கையெழுத்துப் போட்டுடும்மா. அவரு அத்தனை தூரத்துல இருந்து வந்திருக்காரு."

"போட மாட்டேங்க மாமா."

"டீ ஆறிப் போவுது," என்றார் என் கணவர்.

"செத்த பேட்டரிய வெச்சிக்கிட்டு என்னம்மா பண்ணுவ?"

"செத்துச்சுன்னு காட்டுங்க, போடறேன். பென்னாகரம் தாண்டி எறக்கத்துல நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து மீட்டரைப் பாருங்க. கீழ போறதுக்குள்ள கட்டம் ஏறலன்னா ஆத்தங்கரையிலயே கையெழுத்து. பேனா என்கிட்ட இருக்குது."

"நீ மலையில ஓட்டறதா?" மாமா என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "டேய், மொதல்ல இன்சூரன்ஸ் இருக்குதான்னு பாருடா."

"அடுத்த வருசம் வரைக்கும் இருக்குதுங்க மாமா," என்றேன்.

மடித்த படிவத்தை மாமா சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குறிப்பேட்டை அவர் திறக்கவே இல்லை. கிளம்பும் வேகத்தில் நானும் அதை மேஜையிலேயே விட்டுவிட்டேன். முன் சீட்டில் மாமா, பின்னால் என் கணவரும் கம்பைநல்லூர்க்காரரும்.

இறக்கத்தின் தலையில் நான்கு கட்டம். "நாலு," என்று உரக்கச் சொல்லவைத்தேன் மாமாவை. முதல் வளைவு திரும்பியதும் அவர் கை கியருக்கு வந்தது. அவர் அறியாமல் வந்திருக்கும், முப்பது வருடப் பழக்கம்.

"நியூட்ரல் போடும்மா, பெட்ரோல் வீணாப் போவுது!"

"கையை எடுங்க மாமா."

அவரிடம் அந்தத் தொனியில் நான் பேசியதில்லை. கை விலகியது.

"எஞ்சினே இப்ப ஓடல. எந்தப் பெட்ரோல் வீணாப் போவுது? காதைக் குடுத்துக் கேளுங்க."

கேட்டார். டயர் சத்தம் மட்டும் இருந்தது. ஐந்து எரிந்தது. அவர் சொல்லவில்லை, பின்னாலிருந்து என் கணவர் சொன்னார். ஆறு என்றும் அவரே சொன்னார். ஏழுக்கு அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. எட்டு எரிந்ததும் எதிர்பார்த்தபடி எஞ்சின் ஊளையிட்டது.

மாமா துள்ளினார். "பாத்தியா! கத்துது பாரு! நான் சொல்லல? போச்சு, எல்லாம் போச்சு!"

நான் வாய் திறக்கும் முன் பின் சீட்டிலிருந்து மெலிந்த குரல் வந்தது. "ஒன்னும் ஆவலைங்க. பேட்டரி நெறைஞ்சா அப்படித்தாங்க கத்தும். வண்டியப் புடிச்சு எறக்குது."

மாமா உடம்பையே திருப்பினார். "உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"இதே மாதிரி ரெண்டு வண்டி கை மாத்தி வுட்டிருக்கேனுங்க."

"அப்ப பேட்டரி நல்லா இருக்குதுன்னு உனக்குத் தெரியும்?"

"வண்டியப் பாத்ததுமே தெரியுங்க. ஆறு கட்டம் நிக்குதுன்னு நீங்க போன்ல சொன்னப்பவே தெரியுங்க."

"பின்ன, அவுட்டு அவுட்டுன்னு நான் சொல்றப்பல்லாம் ஆமா ஆமான்ன?"

"பெரியவங்க நீங்க சொல்றீங்க. நான் எப்படிங்க எதுத்துப் பேசறது?"

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்ற முயன்று முடியாமல் ஜன்னலைத் திறந்தார்.

ஆற்றோரம் மீன் வறுக்கும் கடைகள் பக்கம் நிறுத்தினேன். மாமா இறங்கி, கம்பைநல்லூர்க்காரரின் முன்னால் போய் நின்றார். "எங்க வூட்டுப் புள்ளைய ஏமாத்தப் பாத்தியாய்யா? எங்க யாருக்கும் ஒன்னும் தெரியாதுன்னு நெனைச்சிட்டியா?"

அவர் எனக்காகச் சண்டை போடுகிறார் என்று கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். நான் காரை விட்டு இறங்கினேன்.

"ஏமாந்தது நான் இல்லீங்க மாமா. நான் போட மாட்டேன்னுதான் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மீன் கடையைப் பார்த்து, "எண்ணெய் பழசு, இங்க யாரும் சாப்புடாதீங்க," என்றார். கம்பைநல்லூர்க்காரர் மட்டும் அமைதியாக ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது மாமா கையை நீட்டினார். "சாவியக் குடும்மா. எறங்கறது யாரு வேணா எறங்கலாம். ஏத்தத்துல உனக்குப் பழக்கம் இல்ல."

"நேத்தே ஏறியாச்சுங்க மாமா." சாவியைக் கொடுக்கவில்லை. நேற்று என்றதும் அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஆற்றைப் பார்த்தார்.

ஏற்றத்தில் மோட்டாரும் எஞ்சினும் சேர்ந்து இழுத்தன. எட்டுக் கட்டம் இரண்டாவது வளைவுக்குள் ஏழாயிற்று. மாமாவின் முகம் மீட்டரை விட்டு நகரவில்லை. "எறங்குது… ஆறு… எறங்குதும்மா, அஞ்சாயிடுச்சு." குரலில் இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

"எறங்கட்டுங்க. இதுக்குத்தான் ஏத்தி வெச்சது."

குறிப்பேடு வீட்டு மேஜையில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓட்டிக்கொண்டே எழுத முடியாது. மாமாவிடம் படிவத்தைக் கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஒரு கணம் வைத்திருந்து, பின்னால் நீட்டினார். என் கணவர் அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், நான் சொல்லச் சொல்ல நான்கு பத்திக்குக் கோடு போட்டார். மாமா கட்டம் சொன்னார், கணவர் எழுதினார். மலைத் தலைக்கு வந்தபோது இரண்டு கட்டம் இருந்தது. அதற்குமேல் இறங்கவில்லை. எஞ்சின் முழுச் சுமையையும் எடுத்துக்கொண்டது. பென்னாகரம் வருவதற்குள் மூன்று எரிந்தது.

"ஓட்டியவர்னு ஒரு பத்தி இருக்குதே, அதுல என்ன போட? முதலெழுத்தா?" என்றார் கணவர்.

"முழுப் பேரையும் எழுதுங்க," என்றேன். "எல்லா வரியிலயும்."